பின்னால் நிற்பவன்

எந்த நாட்டில் மனிதர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டாலும் மறுநாள் சாயங்காலம் அவர் என் வீட்டுக் கதவைத் தட்டுவார்.

தட்டிவிட்டுப் பின்னால் தள்ளிப் போய் வாசலுக்கு வெளியே நிற்பார். உள்ளே வாருங்கள் என்றால் வரமாட்டார். "ஏனுங்க டீச்சர், அந்தச் சமாச்சாரம் இன்னைக்குப் பேப்பர்ல வந்துருக்குதுங்களா?" என்று கேட்பார். ரேடியோவில் பாதி கேட்டிருப்பார், மீதி மலைக்காற்றில் கரகரத்துப் போயிருக்கும். பள்ளிக்கு வரும் ஆங்கிலப் பேப்பரை மாலையில் நான் வீட்டுக்குக் கொண்டுவருவது அவருக்குத் தெரியும். செய்தியைத் தேடி எடுத்துத் தமிழில் சொல்வேன். தலையைக் கவிழ்த்துக்கொண்டு முழுவதும் கேட்பார். கடைசியில் ஒரு கேள்வி இருக்கும்.

"பின்னால யாருன்னு போட்டுருக்குதுங்களா?"

"அப்படி ஒண்ணும் போடலீங்கண்ணா. ராணுவம் சுட்டதுன்னுதான் போட்டிருக்கு."

"ராணுவம் முன்னால நிக்கறவனுங்க. நான் பின்னால நிக்கறவனைக் கேக்கறேன்."

தென்னமெரிக்காவில் ஒரு விளையாட்டு மைதானத்தில் ஆட்களை அடைத்துவைத்துச் சுட்டதைப் பற்றி ஒருநாள் கேட்டார். அது நடந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கம்போடியாவில் எலும்புக் குவியல்களைத் தோண்டி எடுத்தபோது அந்தப் படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்து வெகுநேரம் பார்த்தார். நாடுகளின் பெயர்களை மாற்றி மாற்றிச் சொல்வார். எந்தக் கண்டம், எந்தச் சண்டை என்பதெல்லாம் அவருக்குக் குழப்பம்தான். ஒன்றில் மட்டும் குழப்பமே கிடையாது. எல்லாவற்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு நாட்டின் உளவுத்துறை இருந்தது. "சனங்க தானா இப்படிச் செய்வாங்களாங்க? ஒருத்தன் வந்து ஏத்தி விட்டுருக்கோணும்" என்பார். சில சமயம் அது உண்மையாக இருந்திருக்கும். சில சமயம் வெறும் பிதற்றலாகத்தான் இருந்தது. நான் சமூக அறிவியல் ஆசிரியை. மறுத்துப் பேசலாம்தான். ஆனால் அந்தச் சின்ன உரையாடலைத் தவிர அந்தி நேரத்தில் பேச எனக்கும் வேறு ஆள் கிடையாது.

மலைமேல் ஒண்டிக்கடை முக்கிலிருந்து கீழிறங்கும் பாதையில் ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் மூன்று வீடுகள். ஒரு கோடியில் நான், மறு கோடியில் அவர். நடு வீடு எப்போதும் பூட்டிக் கிடந்தது. அந்தக் காலி வீட்டைத் தாண்டி அவருடைய ரேடியோச் சத்தமும் இருமலும் வரும். என்னுடைய பாத்திரச் சத்தம் அவருக்கும் போயிருக்கும்.

எஸ்டேட் லாரி ஓட்டினார். காப்பிக்கொட்டை மூட்டைகளைச் சேலத்துக்கு இறக்கிவிட்டு, உரமும் அரிசியும் ஏற்றிக்கொண்டு வருவார். வளைவுகளில் அவரைப்போல நிதானமாகத் திரும்புகிறவர் இல்லை என்பார்கள். இளவயதில் சேலத்துப் பக்கமிருந்து மாமன் ஒருவருடன் கப்பலேறிச் சுமத்ராவுக்குப் போனவர், அங்கே ரப்பர்த் தோட்டத்தில் லாரி ஓட்டியவர், வெறுங்கையோடு திரும்பி வந்தவர் என்பது மட்டும் ஊருக்குத் தெரியும். கீரையை வேகவைத்து, வறுத்த நிலக்கடலையை மிளகாயோடு அரைத்து மேலே ஊற்றித் தின்பார். காலில் கல் இடித்தால் வாயில் வருகிற வார்த்தை தமிழாக இருக்காது.

கடைவீதியில் அவருக்கு 'சி.ஐ.டி. அண்ணன்' என்று பெயர். டீக்கடையில் பையன்கள் வம்புக்கு இழுப்பார்கள். "அண்ணா, நேத்து எங்க ஊட்டுக் கோழி செத்துப்போச்சுங்க. பின்னால யாருங்கண்ணா?" அவரும் சேர்ந்து சிரிப்பார். அதன்பிறகு சில நாட்கள் அந்தப் பக்கம் போகமாட்டார். பால் இல்லாத டீயை வீட்டிலேயே போட்டுக் குடிப்பார்.

ஒருமுறை அது விளையாட்டாக முடியவில்லை. வெள்ளைக்காரர் ஒருவர் வந்து லாட்ஜில் தங்கியிருந்தார். பூதக்கண்ணாடியும் கேமராவுமாகக் காட்டுக்குள் திரிந்தார். நம் ஆள் லாரியை எஸ்டேட் கேட்டில் நிறுத்திவிட்டு அவர் பின்னாலேயே போய்விட்டார். அவர் குனிந்தால் இவர் மரத்துக்குப் பின்னால். அவர் உட்கார்ந்தால் இவர் புதருக்குப் பின்னால். மூட்டைகள் வண்டியிலேயே கிடக்க, எஸ்டேட்டில் தேட, கடைசியில் அந்த வெள்ளைக்காரரே பயந்துபோய்ப் போலீசில் சொல்லிவிட்டார். செய்தி கேட்டு நான் ஸ்டேஷனுக்குப் போனபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் திட்டி முடித்துக் களைத்திருந்தார். "கூட்டிட்டுப் போங்கம்மா. அவரு ஆர்க்கிட் பூப் பார்க்க வந்தவரு" என்றார்.

திரும்பி நடக்கும்போது ஏரிக்கரையில் மூடுபனி இறங்கியிருந்தது. அவர், "நெசமாலுமே பூவைத்தானுங்க பார்த்தான். நாள் பூரா நானும் பார்த்தனே. மரத்துல ஒட்டிக்கிட்டுப் பூத்திருக்கும், அதைத் தொடக்கூட இல்லீங்க" என்றார். அந்தக் குரலில் நிம்மதி இருந்திருக்க வேண்டும். இருந்தது ஏமாற்றம். அன்றுதான் எனக்கு முதன்முதலாகக் கொஞ்சம் பயமாக இருந்தது. இந்த மனிதர் எதைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்று இப்படி அலைகிறார்?

இலங்கையில் தமிழர்களை வெட்டி எரித்த வருடம் அவர் ஏறக்குறைய தினமும் வந்தார். அங்கிருந்து தப்பி வந்த ஒரு குடும்பம் எங்கள் பள்ளிக்குக் கீழேயிருந்த எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தது. அந்தப் பெண் தன் மகளைப் பள்ளியில் சேர்ப்பது பற்றிப் பேச என் வீட்டுக்கு வந்திருந்தபோது இவரும் வந்து வாசலில் நின்றார். யாரென்று தெரிந்ததும் தன் கேள்வியை அவளிடமே கேட்டார்.

"ஏனம்மா, இதுக்குப் பின்னால வெளிநாட்டுக்காரன் இருப்பான்னு நீங்க நினைக்கறீங்களா?"

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "எரிக்க வந்தவன் லாரியில வந்தவன் ஐயா. அவனை யார் அனுப்பினாங்களோ, நமக்குத் தெரியாது. ஆனா எங்க வீடு எதுன்னு அவனுக்குக் காட்டினது எங்களோட கொழுந்து பறிச்ச ஆள்தான்."

"அவனுக்கு ஒருத்தன் சொல்லிக் குடுத்துருப்பானுங்கம்மா. இல்லாட்டி பயமுறுத்தி இருப்பான்."

"சொல்லிக் கொடுத்தா செஞ்சிடுறதா? அவன் பிள்ளைக்குப் பாலில்லாதப்ப நான் பால் கொடுத்திருக்கேன் ஐயா."

அவர் அதற்குமேல் நிற்கவில்லை. குடையை மறந்துவிட்டு மழையில் இறங்கிப் போனார். அன்று நடு வீட்டைத் தாண்டி ரேடியோச் சத்தம் வரவில்லை.

இதற்குப் பின் சில வருடங்கள் கழித்து, பேப்பரின் உள்பக்கத்தில் ஒரு மூலையில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். அவர் லாரி ஓட்டிய சுமத்ராவும் சேர்ந்த இந்தோனேசியாவில், அறுபதுகளில் லட்சக்கணக்கானவர்கள் கொல்லப்பட்ட காலத்தில், ஒரு பெரிய நாட்டின் தூதரகத்தில் வேலை பார்த்துப் பின்னர் ஓய்வுபெற்ற சிலர் இப்போது வாய் திறந்திருந்தார்கள். கம்யூனிஸ்டுகளின் பெயர்களை அந்த நாட்டு ராணுவத்துக்குத் தாங்கள் கொடுத்ததாக அவர்களே சொல்லியிருந்தார்கள். மேலிடத்தில் இருந்தவர்கள் மறுத்திருந்தார்கள்.

முதன்முறையாக நான் போய் அவர் கதவைத் தட்டினேன். சந்தோஷப்படுவார் என்றுகூட நினைத்தேன், இத்தனை வருடக் கேலிக்கு ஒரு பதில் கிடைத்ததே என்று.

அடுப்பில் கடலை வறுத்துக்கொண்டிருந்தார். நான் படித்துச் சொன்னேன். இன்னொருமுறை படிக்கச் சொன்னார். கடலை கருகும் வாசனை வந்தது. அடுப்பை நான்தான் அணைத்தேன்.

"அப்ப நான் சொன்னது நெசந்தானுங்களா?"

"நெசந்தாங்கண்ணா. குடுத்தவங்களே சொல்லியிருக்காங்க."

கட்டிலில் உட்கார்ந்தார். முழங்கால்களின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். "எங்க ஊட்டுக்காரி பேரு அதுல இருந்துருக்குமுங்களா டீச்சர்?"

அவருக்கு ஒரு மனைவி இருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"பெரிய ஆளுங்க பேருன்னுதான் போட்டிருக்குங்கண்ணா. கட்சித் தலைவருங்க, சங்கத் தலைவருங்க."

"அவ தலைவி இல்லீங்க. ரப்பர் மரத்துல பால் எடுக்கறவ. சங்கத்துக் கூட்டத்துல பாட்டுப் பாடுவா, நொம்ப நல்லாப் பாடுவா. அவ்வளவுதான். கடல் தாண்டி இருக்கற வெள்ளைக்காரனுக்கு அவளை எப்படீங்க தெரியும்?"

பிறகு சொன்னார். அவள் ஜாவாக்காரி. தோட்டத்திலேயே பிறந்தவள். இவரைக் கட்டிக்கொண்டபின் வெற்றிலை போடப் பழகினாள், நாலைந்து தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டாள். ஒரு பெண் குழந்தை. பக்கத்து வீட்டில் தோட்டத்து மேஸ்திரி ஒருவன். இவர்கள் கல்யாணத்தைப் பேசி முடித்ததே அவன்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலிகூடக் கிடையாது. அந்த நாளில் இவர் துறைமுகத்துக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார். திரும்பி வரும்போது தோட்டத்துக்கு வெகு முன்னாலேயே மேஸ்திரி ரோட்டில் நின்று லாரியை மறித்தான். வீட்டுக்குப் போகாதே, உன்னையும் தேடுகிறார்கள், அவளைக் கூட்டிப் போய்விட்டார்கள், குழந்தை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றான். தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்து, ஊருக்குள் இருந்த தமிழர்கள் வீட்டுக்கு இவரை அனுப்பிவைத்தான்.

"அங்கதானுங்க பால்காரர் ஒருத்தர் சொன்னாரு. தோட்டத்துக்குப் பால் ஊத்தறவரு. கண்ணால பார்த்தவரு. வந்தவனுங்களுக்கு ஊடு தெரியலை, மேஸ்திரி முன்னால நடந்து போயிக் கையை நீட்டிக் காட்டினானாம்."

கருகிய கடலைச் சட்டியை நான் அடுப்பிலிருந்து இறக்கி வைத்தேன்.

"காட்டினவனும் அவந்தான். எம்புள்ளையைத் தூக்கித் தன் ஊட்டுல ஒளிச்சு வெச்சவனும் அவந்தான். என்னை உசுரோட அனுப்புனவனும் அவந்தானுங்க."

"நீங்க அவரைக் கேக்கலீங்களா?"

"புள்ளை அங்க இருக்குதுங்களே. கேட்டு, அவன் முகம் மாறிட்டா?"

ஒளிந்து ஓடுகிறவரால் குழந்தையைக் கூட்டிப்போக வழியில்லை; கடைசி இரவில் மேஸ்திரி அதைத் தூக்கி வந்து காட்ட, சீக்கிரம் வந்து கூட்டிப்போகிறேன் என்று அதனிடம் சொல்லிவிட்டுக் கப்பலேறினார். போக முடியவில்லை. தேடப்படுகிறவர்கள் திரும்பி வரக்கூடிய நாடாக அது வெகுகாலம் இல்லை. வருடம் ஒருமுறை மேஸ்திரி ஒரு புகைப்படம் அனுப்புவான். மகள் பள்ளிக்கூடம் போனாள், வளர்ந்தாள். மேஸ்திரியின் இளைய மகனையே கட்டிக்கொண்டாள். அந்தப் படங்களை எடுத்துக் காட்டினார். கடைசிப் படத்தில் மணக்கோலத்தில் இருந்த இருவருக்கும் பின்னால் ஒரு வயதான மனிதர் நின்றிருந்தார். மெலிந்த, சாதுவான முகம். அவருடைய கை அந்தப் பெண்ணின் தோளில் இருந்தது.

"இப்பச் சொல்லுங்க டீச்சர். பின்னால ஒருத்தன் இருந்துருக்கோணுமில்லீங்க? அவனா நினைச்சு, அவனாவே கையை நீட்டியிருந்தா, எம்பொண்ணு யாரு ஊட்டுல இருக்கறா?"

அத்தனை நாடுகளையும் அத்தனை பிணங்களையும் என் வாசலில் நின்று அவர் எதற்காகக் கேட்டார் என்று எனக்கு அப்போது புரிந்தது.

மகள் ஒரு கோடையில் வந்தாள், கணவனோடு. சென்னையில் இறங்கி, ரயிலில் சேலம் வந்து, பஸ்ஸில் மலையேறினார்கள். பஸ் நிலையத்துக்கு அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். அவ்வளவு வயதான குழந்தையை எப்படிக் கட்டிக்கொள்வது என்று தெரியாமல் அவளுடைய பையை வாங்கிக்கொண்டார். நடு வீட்டின் சாவியை எஸ்டேட்டில் கேட்டு வாங்கி, நான் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தேன். அந்தச் சில நாட்கள் எங்கள் ஓட்டுக் கூரையின் கீழ் மூன்று வீட்டிலும் விளக்கு எரிந்தது.

அவருடைய மூக்கு அவளுக்கு. மற்றதெல்லாம் வேறு யாருடையதோ. இருவரும் அந்த ஊர்ப் பாஷையில் பேசிக்கொண்டார்கள். முதல் நாள் அவர் வார்த்தைகளுக்குத் தடுமாறினார், மறுநாள் சரளமாகிவிட்டார். அந்தப் பாஷையில் அவர் வேறு ஆளாக இருந்தார், சத்தமாகச் சிரித்தார். மருமகன் அதிகம் பேசாதவன். மாமனாரின் லாரியைத் துடைத்துக் கொடுத்தான்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மூவரும் சேர்வராயன் கோயில் பக்கம் போய்விட்டு வந்தார்கள். வந்ததும் மகள் நேராக என் வீட்டுக்கு வந்தாள். கணவன் அவள் பின்னால் வந்து ஜன்னல் ஓரம் நின்றான். அவளுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும்.

"அம்மாவைக் கூட்டிப் போனது யார் என்று இன்று அப்பாவிடம் கேட்டேன். எங்கள் ஊரில் இதை யாரும் பேசமாட்டார்கள். மாமனாரிடம் கேட்டால் எழுந்து போய்விடுவார். அப்பா சொல்கிறார், வெளிநாட்டு உளவாளிகள் ராணுவத்துக்குப் பெயர் கொடுத்தார்களாம், அதில் அம்மா பெயரும் இருந்ததாம். உங்களுக்குத் தெரியும் என்றார். உண்மையா?"

அவர் தன் வீட்டு வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். எதையோ துடைத்துக்கொண்டிருப்பதுபோலக் கை மட்டும் அசைந்தது.

"பேப்பரிலேயே வந்தது. பெயர் கொடுத்தவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நான்தான் உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்" என்றேன். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அவள் முகம் தளர்ந்தது. அழுதாள். பிறகு கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

பஸ் ஏற்றிவிட்டு வந்தவர் என் வாசலில் நின்றார். "அவளுக்கு அந்த ஊடு ஒண்ணுதானுங்க இருக்குது" என்றார். பிறகு தன் வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவர் என் கதவைத் தட்டவில்லை. ஆப்பிரிக்காவில் ஒரு சிறிய நாட்டில் பக்கத்து வீட்டுக்காரர்களே பக்கத்து வீட்டுக்காரர்களை வெட்டிச் சாய்த்தார்கள். பேப்பர் முழுக்க அதுதான். வருவார் என்று பேப்பரை எடுத்து வைத்திருந்தேன். இருட்டும்வரை காத்திருந்தேன். நடு வீடு மறுபடியும் பூட்டிக் கிடந்தது. அதைத் தாண்டி ரேடியோவில் ஏதோ விவசாய நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மார்கழிக் காலையில், ஞாயிற்றுக்கிழமை, எஸ்டேட் ரைட்டர் மூச்சிரைக்க இறங்கி வந்தார். ஆபீசுக்கு வெளிநாட்டிலிருந்து போன் வந்ததாம், மகள் பேசினாளாம், அவளுடைய மாமனார் இறந்துவிட்டாராம். அண்ணன் வீட்டு வாசலில் நின்றே ரைட்டர் இதைச் சொன்னார். சத்தம் கேட்டு நானும் போயிருந்தேன்.

"சம்பந்தியாச்சே, தலைக்கு ஊத்திக்கோணுமுங்க" என்று ரைட்டர் நினைவுபடுத்திவிட்டுப் போனார். நெருங்கிய சாவு காதில் விழுந்தால் உடனே தலை முழுகுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். "அவளை எங்க கொண்டு போனாங்கன்னு அவனுக்குத் தெரியுமுங்க" என்றார் மெல்ல. "எந்த ஆத்துலயோ, எந்தக் குழியிலயோ. வயசாகி, சாகறப்பவாச்சும் யாருகிட்டயாவது சொல்லுவான்னு இருந்தேன். இனி யாரைப் போயிக் கேக்கறதுங்க?"

குளிர் கடுமையாக இருந்தது. "தண்ணி காயவெக்கட்டுங்களாண்ணா?" என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். பின்பக்கம் போய், தொட்டியிலிருந்து குடத்தில் மொண்டார். பனி உறைந்ததுபோல இருந்த தண்ணீர். சட்டையைக்கூடக் கழற்றாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டார். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. மறுபடியும் மொண்டார்.

"போதுங்கண்ணா. சம்பந்திக்கு ஒரு குடம் போதும்."

"அவனுக்கில்லீங்க டீச்சர்" என்றார். தண்ணீர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. "அவளுக்குத்தான். இத்தனை நாளா அவ செத்துட்டான்னு எனக்கு யாரும் சொல்லலை."